யோபுவின் பிள்ளைகள்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி நேரம் உண்டு. பாட்டு முடிந்ததும் போதகர், கர்த்தர் செய்த நன்மையைச் சொல்ல விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்பார். ஒருவர் எழுந்து போய் மைக்கைப் பிடிப்பார். லாரிக்கடியில் போயிருக்க வேண்டிய பைக் ஓரமாக விழுந்து தப்பியது, முதல் ஸ்கேனில் தெரிந்த கட்டி இரண்டாவது ஸ்கேனில் இல்லாமல் போனது, கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிள்ளை உண்டானது, துபாய் விசா கிடைத்தது. எல்லாம் உண்மைக் கதைகள்தான். சொல்கிறவர் அழுவார். கேட்கிறவர்கள் அல்லேலூயா சொல்வார்கள். நானும் ஒருமுறை எழுந்து போய்ச் சொல்லியிருக்கிறேன், வேலை கிடைத்த வருஷம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. தப்பித்தவர்கள் மட்டும்தான் பேச முடியும். நான் வேலை பார்க்கும் துறையில் இது தினசரித் தலைவலி. அடியோடு செத்துப்போன சர்வரிலிருந்து லாக் வராது. வந்து சேர்கிற லாக்குகளை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றே தோன்றும்.

2005-ம் வருஷம் அந்த முதல் ஞாயிறு ஜனவரி 2-ம் தேதி வந்தது. சுனாமிக்கு அடுத்த ஞாயிறு. நான் அப்போது பத்தாம் வகுப்பு. நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆனால் அரை மணி நேரத் தூரத்தில் மணக்குடி, கொளச்சல், கொட்டில்பாடு என்று கடலோர ஊர்களில் இன்னும் பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எங்கள் சபையில் நான்கு பேர் சாட்சி சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்த விருந்தாளிகளோடு கடற்கரைக்குக் கிளம்பினோம், வண்டி பஞ்சராகிவிட்டது, அந்த ஆணியைப் போட்டது கர்த்தர் என்றார் ஒருவர். எனக்கு அந்த ஆணி பிடித்திருந்தது. அழகான கதை. வீட்டுக்கு வரும் வழியில் அக்காதான் கேட்டாள்: "கொட்டில்பாட்டுக்காரங்களுக்கு எங்கல பஞ்சர் ஆகும்? அவங்க வீடே அங்கதானே."

அப்பா, "ஆராதனைல கேட்டதுக்கெல்லாம் குத்தம் கண்டுபிடிக்காத" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

*

அக்காவின் மகனுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துவிடுவார்கள் என்று டாக்டர் சொன்னார், அதுவும் உண்மைதான். சிகிச்சைக்கு முதலில் நன்றாகவே கேட்டது, முடி திரும்ப முளைத்தது. பிறகு நோய் திரும்ப வந்தது. 2017-ல், ஆறு வயதும் சில மாதங்களும் ஆனபோது, போய்விட்டான்.

அவனைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. அக்காவுக்குப் பிடிக்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஆஸ்பத்திரியில் ஊசி போட வரும் நர்ஸிடம் ஒவ்வொரு முறையும் "இன்னைக்கு எந்தக் கைக்கு லீவு?" என்று கேட்பான்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொரு காரணம் கொண்டுவந்தார்கள். தோட்டக்காரர் அழகான பூவைத்தான் முதலில் பறிப்பார் என்றார் போதகர். பெரிய விசுவாசிக்குத்தான் பெரிய சோதனை வரும் என்றார் பெரியம்மா. வளர்ந்து கெட்டுப்போகாமல் சின்ன வயசிலேயே எடுத்துக்கொண்டார் என்றார் அத்தானின் சித்தப்பா. யாரோ ஒரு அம்மா அக்காவின் காதருகே குனிந்து, குடும்பத்தில் அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எல்லோரும் நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள். இட்லியும் சாம்பாரும் வீட்டிலிருந்து சுமந்து வந்தவர்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் காரணங்கள் அக்காவின் தலையில் ஒவ்வொரு கல்லாக விழுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு முதல் ஞாயிறு. அதே ஆஸ்பத்திரியில், அதே வார்டில், அவனுக்கு இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருந்த பெண் குழந்தையின் பெற்றோர் சாட்சி சொல்ல வந்திருந்தார்கள். குழந்தை குணமாகிவிட்டது. "நாங்க விசுவாசத்தோட ஜெபிச்சோம், கர்த்தர் கேட்டார்" என்றார் அந்த அப்பா. அக்கா ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவில்லை. கைகூடத் தட்டினாள். அந்தக் குழந்தையை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் அடுக்களையில் நின்றுகொண்டு கேட்டாள்: "நாங்களும் ஜெபிச்சோம்ல. ஏன்?"

*

தமிழில் 'ஏன்' என்ற சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று எதனால், இன்னொன்று எதற்காக. முதல் கேள்விக்கு டாக்டர் பதில் சொல்லியிருந்தார். பரம்பரை இல்லை, சாப்பாடு இல்லை, நீங்கள் செய்த எதுவும் இல்லை, செல் ஒன்று தன்னைப் பிரதியெடுக்கும்போது எழுத்துப்பிழை விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அடக்கத்துக்கு வந்தவர்கள் பதில் சொன்னது இரண்டாவது கேள்விக்கு. சோதிக்க, பக்குவப்படுத்த, தம் தோட்டத்தை அலங்கரிக்க.

அக்கா கேட்டது இந்த இரண்டையும் அல்ல என்று எனக்கு அப்போதே தோன்றியது. அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள்.

கிறிஸ்தவம் இந்த இரண்டாவது வகை பதில்களைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு துறையாகவே வளர்த்து வைத்திருந்தது. தியோடிசி என்ற சொல்லை உண்டாக்கியவர் ஜெர்மானியக் கணித மேதை லைப்னிட்ஸ். அவருடைய புத்தகம் 1710-ல் வந்தது. கடவுள் நல்லவர், வல்லவர், ஆகவே படைக்கச் சாத்தியமான உலகங்களில் ஆகச் சிறந்ததையே படைத்திருப்பார், இதில் நாம் காணும் தீமை மொத்தக் கணக்கில் தவிர்க்க முடியாத செலவு என்பது அவர் வாதத்தின் சாரம். ஒரு எஞ்சினியராக எனக்கு இது உடனே புரிகிறது. எல்லா அளவுகோல்களையும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது, ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றைப் பெற வேண்டும். செல்லில் எழுத்துப்பிழையே விழாது என்றால் பரிணாமமும் இல்லை, நாமும் இல்லை. சரியான வாதம்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு வயதுப் பையன் படுத்திருக்கும் அறையில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

1755 நவம்பர் 1, சனிக்கிழமை. சகல புனிதர்கள் திருநாள். லிஸ்பன் நகரத்து ஆலயங்கள் நிரம்பியிருந்த காலை நேரத்தில் பூமி அதிர்ந்தது. கூரைகள் பூசை கண்டுகொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. பலர் திறந்த வெளி தேடி ஆற்று முகத்துறைக்கு ஓட, கொஞ்ச நேரத்தில் அங்கே கடல் ஏறி வந்தது. ஆலயங்களிலும் வீடுகளிலும் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் பற்றவைத்த தீ நாள்கணக்கில் எரிந்தது. வோல்தேர் லைப்னிட்ஸின் கட்சியைக் கிண்டலடித்து முதலில் ஒரு கவிதையும், 1759-ல் 'கான்டீட்' நாவலும் எழுதினார். அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

எனக்குப் பிடித்தவை அதே சமயம் நடந்த வேறு இரண்டு விஷயங்கள். 1756-ல் ரூசோ வோல்தேருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆறு ஏழு மாடி உயரத்துக்கு இருபதாயிரம் வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லையே என்று அதில் கேட்டார். இன்னொன்று, போர்ச்சுகலின் அமைச்சர் பொம்பால் நாட்டிலுள்ள பங்குகளுக்கெல்லாம் அனுப்பிய கேள்வித்தாள். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை பேர் இறந்தார்கள், கடல் முதலில் உள்வாங்கியதா ஏறியதா, கிணறுகளில் என்ன மாற்றம். பங்குச் சாமியார்கள் உட்கார்ந்து பதில் எழுதி அனுப்பினார்கள். அந்தத் தாள்களில் பல இன்றைக்கும் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிலநடுக்கவியல் தொடங்கிய இடங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். அதே நேரம் மலக்ரிதா என்ற யேசுசபைப் பாதிரியார், நிலநடுக்கத்துக்குக் காரணம் நகரத்தின் பாவம்தான், இயற்கைக் காரணம் தேடுவதே தப்பு என்று துண்டுநூல் எழுதினார். இரண்டு தரப்பிலும் அங்கி போட்ட ஆட்கள்தான். ஒருவர் எதற்காக என்று மக்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, மற்றவர்கள் கிணற்றுத் தண்ணீரின் மட்டத்தை அளந்துகொண்டிருந்தார்கள். கடவுளுக்கு எது பிடித்திருக்கும் என்று கேட்டால் நான் கிணற்றுப் பக்கம்தான் கை காட்டுவேன்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தபோது நம் நேரம் காலை ஆறரை மணி இருக்கும். அலை தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் பூசை முடிந்து கடற்கரைக்கு வந்த யாத்ரீகர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். பசிபிக் கடலில் 1949 முதலே எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. ஹைதராபாத்தில் நம் மையம் வந்தது 2007-ல். கடவுள் ஏன் அனுமதித்தார் என்று கேட்கும்போதெல்லாம் அந்த இரண்டு மணி நேரம் எனக்கு ஞாபகம் வரும். அந்த நேரத்தை நிரப்பியிருக்க வேண்டியது ஒரு போன், ஒரு சைரன். அதைக் கடவுளின் கணக்கில் எழுதுவது நமக்கு வசதி.

ஆனால் லுக்கீமியாவுக்கு இரண்டு மணி நேரம் கிடையாது. மனிதனின் சுயாதீனம், மனிதனின் அலட்சியம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது. அக்கா நின்றுகொண்டிருந்தது அந்த மிச்சத்தில்.

*

போதகர் அவளுக்கு யோபுவின் புஸ்தகத்தை வாசிக்கச் சொன்னார். அக்கா வாசித்தாள். அவள் கணக்கு டீச்சர். ஒரு நாள் பைபிளோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"முதல்ல ஆடு ஏழாயிரம். கடைசில பதினாலாயிரம். ஒட்டகம் மூவாயிரம், கடைசில ஆறாயிரம். ஏர் மாடும் கழுதையும் ஐந்நூறு ஐந்நூறு, ரெண்டும் ஆயிரமாச்சு. எல்லாம் ரெட்டிப்பு. சரியா?"

"சரி."

"பிள்ளைங்க முதல்ல ஏழு ஆணு, மூணு பொண்ணு. கடைசில எத்தன? ஏழு ஆணு, மூணு பொண்ணு. ஏன் ரெட்டிப்பாவல?"

இதற்குப் பழைய உரைகாரர்கள் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். செத்த பத்துப் பிள்ளைகளும் கடவுளிடம் உயிரோடுதான் இருக்கிறார்கள், பழைய பத்தும் புதிய பத்தும் சேர்த்தால் இருபது, கணக்கு நேராகிவிட்டது. போதகரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். அக்கா அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். பையன் போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அப்படின்னா ஆடும் மோட்சத்துல இருக்கா? கேட்டியா, இதை எழுதினவனுக்குத் தெரிஞ்சிருக்கு. பிள்ளைய ரெட்டிப்பாக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் அப்படியே விட்டுட்டான்."

அவளுக்கு இன்னொரு கோபம் யோபுவின் மனைவி மேல் காட்டப்படும் கோபத்தின் மேல். பிரசங்கங்களில் அவள் எப்போதும் கெட்ட உதாரணம். கடவுளைத் தூஷித்துவிட்டுச் சாகச் சொன்னவள். "அந்தப் பத்தும் அவ வயித்துலயும்தானே கிடந்துச்சு" என்றாள் அக்கா. புஸ்தகத்தின் முடிவில் அந்த மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நான் அதன்பிறகு யோபுவை முழுதாகப் படித்தேன். ஞாயிறு பள்ளியில் நாம் கேட்ட யோபு முதல் இரண்டு அத்தியாயத்து யோபு. பொறுமைசாலி, எடுத்ததும் கொடுத்ததும் கர்த்தர் என்று குனிந்து கும்பிடுகிறவர். மூன்றாம் அத்தியாயத்தில் அந்த ஆள் தான் பிறந்த நாளைச் சபிக்கத் தொடங்கி, நாற்பத்திரண்டு அத்தியாயப் புஸ்தகத்தில் பெரும்பகுதியும் கடவுள் மேல் வழக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார். நண்பர்கள் மூன்று பேர் வருகிறார்கள். வந்ததும் ஏழு பகல் ஏழு இரவு ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரைக்கும் அருமையான நண்பர்கள். பிறகு வாயைத் திறக்கிறார்கள். நீ பாவம் செய்திருப்பாய், கடவுள் அநியாயம் செய்யமாட்டார், இது உன்னைத் திருத்துவதற்காக. அடக்க வீட்டில் நான் கேட்ட எல்லாமே அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றும் கடவுளுக்கு ஆதரவாகப் பேசப்பட்டவை.

கடைசியில் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். அவர் காரணமே சொல்வதில்லை. முதல் அத்தியாயத்தில் சாத்தானோடு நடந்த அந்தப் பந்தயத்தைப் பற்றி மூச்சுகூட விடுவதில்லை. வாசகனுக்குத் தெரிந்த அந்தக் காரணம் யோபுவுக்குக் கடைசிவரை தெரியாது. மலையாடுகள் குட்டி போடுவது, தீக்கோழி, முதலை மாதிரி ஒரு மிருகம் என்று எதையெதையோ காட்டுகிறார். எனக்கு அந்தப் பதிலில் இன்றைக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் அது முடிந்ததும் அவர் நண்பர்கள் பக்கம் திரும்பிக் கோபிக்கிறார். தம்மைப் பற்றி அவர்கள் பேசியது சரியில்லை, யோபு பேசியதுதான் சரி என்கிறார். வழக்குப் போட்டவனுக்கு ஆதரவாகத் தீர்ப்பு. தமக்காக வாதாடிய வக்கீல்களுக்கு அபராதம்: ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடா. அதோடு யோபு உங்களுக்காக ஜெபிக்கட்டும் என்று வேறு சொல்லிவிடுகிறார்.

இதைப் படித்த பிறகுதான் 'ஏன்' என்ற சொல்லில் மூன்றாவது ஒன்றும் இருப்பது எனக்குத் தெளிவானது. நீ அங்கே இருக்கிறாய், நீ நல்லவன் என்று சொல்லியிருக்கிறாய், ஆகவே உன்னிடம்தான் கேட்பேன் என்று சட்டையைப் பிடிக்கிற ஏன். கடவுள் இல்லை என்று நினைப்பவருக்கு இந்த ஏன் தேவைப்படாது. எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிட்டவருக்கும் தேவைப்படாது. லாசரு இறந்தபின் மார்த்தாள் இயேசுவை வரவேற்றது இந்தத் தொனியில்தான், நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்கமாட்டானே என்று. அவர் அவளைத் திட்டவில்லை. கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். மனந்திரும்புங்கள் என்ற அடுத்த வரிதான் நம் பிரசங்கங்களில் வருகிறது, அந்த 'இல்லை' வருவதில்லை. சிலுவையில் அவரே ஏன் என்று கேட்டார். மாற்கு அதற்கு ஒரு பதிலை எழுதி வைக்கவில்லை.

யூர்கன் மோல்ட்மன் என்ற ஜெர்மன் இறையியலாளர் 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் விமான எதிர்ப்புப் படையில் சேர்க்கப்பட்ட பள்ளி மாணவர். வயது 17. குண்டு விழுந்ததில் பக்கத்தில் நின்ற நண்பன் சிதறிப் போனான், இவர் பிழைத்தார். அந்தக் குண்டுவீச்சுக்கு நேச நாடுகள் வைத்த பெயர் கொமோரா, பைபிளில் கடவுள் எரித்த ஊரின் பெயர். அந்த இரவில் எழுந்த கேள்வி வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை: நான் ஏன் சாகவில்லை, கடவுள் எங்கே. போர்க்கைதி முகாமில் பைபிள் கைக்கு வந்தபோது அவரைப் பிடித்து நிறுத்தியது மாற்குவின் அந்தச் சிலுவைக் கதறல். 1972-ல் 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' எழுதினார். துன்பத்தை மேலிருந்து அனுமதிக்கும் கடவுளை விட்டுவிட்டு, துன்பத்துக்குள்ளே கிடக்கும் கடவுளை அதில் பேசினார். எனக்கு இது வாதமாக முழுக்க நிற்கிறதா என்று தெரியாது. கூடவே வலிக்கிற டாக்டரால் என்ன பயன் என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும், தப்பித்தவனின் சாட்சி இப்படியும் இருக்கலாம் என்று எனக்குக் காட்டியவர் அவர்தான். எங்கள் சபையில் மைக்கைப் பிடித்து யாரும் நான் ஏன் தப்பித்தேன் என்று கேட்டதில்லை.

தஸ்தயெவ்ஸ்கியையும் சொல்லாமல் விட முடியவில்லை. இவான் கரமசோவ் கடவுளை மறுக்கவில்லை, ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கொடுத்து வாங்கும் நுழைவுச்சீட்டு எனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிறான். அந்த நாவலை எழுதத் தொடங்கிய 1878-ல் தஸ்தயெவ்ஸ்கியின் மகன் அல்யோஷா வலிப்பு வந்து இறந்தான். மூன்று வயது நிறையவில்லை. அந்தப் பெயரைத்தான் நாவலில் இவானின் தம்பிக்கு வைத்தார். கடவுளை விட்டுவிடாதவன் அந்தத் தம்பிதான். கடைசியில் இவானுக்கு அவன் முத்தம்தான் கொடுக்கிறான்.

*

பையன் போன மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மா சாயங்காலமும் வர ஆரம்பித்தார். கொளச்சல் பக்கம், கத்தோலிக்கர். காலையில் மீன் விற்று முடித்து வீட்டுக்குப் போய், திரும்பப் பஸ் ஏறி வருவார். அடுக்களையில் அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உள்ளி உரிப்பார், தேங்காய் துருவுவார். பேச்சே கிடையாது. பத்துப் பதினைந்து நாள் இப்படிப் போனது. 2004-ல் அவருடைய இரண்டு பிள்ளைகள் கடலில் போனது எங்களுக்குத் தெரியும், வருஷக்கணக்காக எங்கள் வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர். அதைப் பற்றி அவராகப் பேசியதில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. கடைசி நாள் கிளம்பும்போது மட்டும் அக்காவிடம் பையனின் ஞானஸ்நானப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அவர்கள் ஊரில் ஒவ்வொரு டிசம்பர் 26-க்கும் பூசை உண்டு. அந்த ஊரில் இறந்தவர்களின் பெயர்களைச் சாமியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். அதில் அக்கா மகன் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அவன் சுனாமியில் போகவில்லையே என்று யாரும் கேட்கவில்லையாம். எங்கள் வீட்டில்தான் பிரச்சினை வந்தது. செத்தவர்களுக்காக ஜெபிப்பது நம் உபதேசத்தில் இல்லை என்றார் அப்பா. அத்தானும் தயங்கினார். அக்கா, "ஜெபிக்கவெல்லாம் வேண்டாம். பேரைச் சொல்லுதாங்கல்லா, அது போதும்" என்று சொல்லிவிட்டு முதல் வருஷம் தனியாகவே பஸ் ஏறினாள். இப்போது அத்தானும் போகிறார். அப்பா வாசல்வரை வந்து, குடை எடுத்தாயா என்று கேட்பார்.

போன வருஷம் நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். வாசிக்க ரொம்ப நேரமாகிறது. ஒரே வீட்டுப் பெயரில் நான்கைந்து பேர் தொடர்ந்து வருகிறார்கள். பிரசங்கத்தில் சாமியார் காரணம் எதுவும் சொல்லவில்லை, பெயர்களைத் தப்பில்லாமல் வாசிப்பதிலேயே கவனமாக இருந்தார். ஒரு பெயரைத் தவறாக உச்சரித்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு பாட்டி சத்தமாகத் திருத்தினார். அவர் அதை இரண்டாவது முறை சரியாக வாசித்தார். அக்கா மகன் பெயர் கடைசிக்கு இரண்டு பெயர் முன்னால் வந்தது.

வெளியே வந்ததும் மீன்காரம்மா ஒரு கவரில் நெத்திலிக் கருவாடு வைத்துக்கொண்டு காத்திருந்தார். அக்கா காசு நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வாங்கமாட்டேன் என்கிறார், அக்காவும் விடமாட்டேன் என்கிறாள். பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்கும்வரை இரண்டு பேரும் அந்த நூறு ரூபாயை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.